தாயிரா

எம் இளமைக் காலத்து ரமளான் இரவுகளை நினைக்கும்போதெல்லாம் முதலில் எம் செவியில் வந்து ஒலிப்பது சஹர் பாவாவின் தாயிராதான். இரவு மூன்று மணி இருக்கும். காவிரிக் கடைமடையில் உள்ள எம் சிற்றூர் அயர்ந்து உறங்கும். தெருக்கோடியில் அந்த ஓசை எழும். வீடு வீடாக நெருங்கி வரும். எம் அம்மா எழுந்து விளக்கை ஏற்றி அடுப்படிக்குச் செல்வார். பனி மிகுந்த இரவுகளில் பாவா எம் திண்ணையோரம் சற்று நிற்பதுண்டு. அம்மா ஓர் ஓட்டுச்சில்லில் தணல் எடுத்துவந்து வைப்பார். பாவா தாயிராவின் தோலை அத்தணலுக்கு மேலே காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார். பனியில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகும். விரலால் ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். ஓசை தெளிந்துவிட்டால், ஸலாம் கூறி அடுத்த வாசலுக்கு நடப்பார்.

தாயிரா என்பது மரவளையம் ஒன்றின் ஒரு பக்கத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய சிறு கருவி. ஒரு கையில் ஏந்தி, மறு கை விரல்களால் தட்டுவர். அரபியில் தாயிரா என்றால் வட்டம் என்று பொருள். சஹருக்கு எழுப்பப் பறை கொட்டலாமா, கூடாதா என்பதில் நம்மவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இக்கட்டுரையின் பொருளன்று. வேறொன்றைச் சொல்லவே எழுதுகோல் எடுத்தோம்.

அந்தப் பாவா மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அவருடைய மகனே இன்று எம் தெருக்களில் நடக்கும் பாவா. எம்மினும் பத்து வயது மூத்தவர். தந்தையின் அதே தாயிராவுக்குத் தோல் மட்டும் மாற்றி வைத்திருக்கிறார். ஆனால் அவர் வருமுன்னரே வீடுகளில் கைபேசிகள் அலறத் தொடங்கிவிடுகின்றன. "பாவா ஓசை கேட்டு நாளாயிற்று" என்று வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எம் ஊர்ப் பிள்ளைகள் ஏங்கி எழுதுகிறார்கள். ஊரில் இருப்பவரோ அதைக் கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள்.

எம் தமக்கையின் மகன் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிகிறான். சென்ற ஷஃபான் மாதத்தில் விடுமுறைக்கு வந்தவன், "மாமா, பாவாவின் தாயிராவைப் பதிவு செய்துவைப்போமே! அயலூரில் இருப்பவர்களும் கேட்கட்டும்" என்றான். எமக்கு மகிழ்ச்சி. உடனே பாவாவை வீட்டுக்கு அழைத்தோம். அப்போது மருமகனிடம் யாம் ஒரு சொல் சொன்னோம். அதை இங்கு மறைப்பது முறையன்று. "தம்பி, பாவாவின் நான்காம் அடி எப்போதும் பிந்தி விழுகிறது. செய்யுளாக இருந்தால் தளை தட்டுகிறது என்போம். உன் கணினியில் அதைத் திருத்த முடியுமானால் திருத்திவிடு" என்றோம். முப்பது ஆண்டுகளாக அரபி யாப்பும் தமிழ் யாப்பும் கற்பித்த செருக்கு அப்படிப் பேசச் செய்தது.

பாவா எம் கூடத்தில் அமர்ந்து பதினெட்டு நிமிடம் வாசித்தார். அன்றும் தைப் பனி, தோல் தொய்ந்திருந்தது. அவருடைய தந்தைக்கு எம் அம்மா செய்ததுபோலவே தணல் கொண்டுவந்து வைத்தோம். மருமகன் இரண்டு மைக்குகளை நிறுத்தி ஓசையைக் கணினிக்குள் வாங்கிக்கொண்டான். அவர் சென்ற பின் எம்மை அருகில் அமர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கினான். ரீப்பர் என்னும் மென்பொருள் அவனிடம் இருந்தது. அன்றிரவு கண்டதைச் சற்று விரித்துச் சொல்வோம்.

திரையில் ஓசை ஒரு நீண்ட கோடாய்த் தெரிகிறது. ஒவ்வோர் அடியும் விழும் இடத்தில் அக்கோடு திடீரென மலைபோல் எழுந்து, பின் சரிந்து அடங்குகிறது. அடி பிறக்கும் அந்தக் கூர்முனையை மென்பொருளே கண்டறிந்து குறியிடுகிறது. குறியிட்ட இடந்தோறும் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். திரையின் குறுக்கே காலத்தைச் சமமாய்ப் பகுக்கும் கோடுகள் நிற்கின்றன. நிமிடத்திற்கு 100 அடி என்று வேகத்தை வைத்தால் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே 600 மில்லி நொடி. அதை நான்காகப் பகுத்தால் கோட்டுக்குக் கோடு 150 மில்லி நொடி. துண்டுகள் ஒவ்வொன்றையும் தத்தமக்கு அண்மையில் உள்ள கோட்டின்மேல் நகர்த்தி வைப்பதே திருத்தம். பாவாவின் நான்காம் அடி கோட்டுக்கு ஏறத்தாழ 40 மில்லி நொடி பிந்தி நின்றது. மருமகன் ஒரு பொத்தானை அழுத்தினான். வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளையை ஆசிரியர் தோளைப் பிடித்து நிறுத்துவதுபோல் அது நகர்ந்து கோட்டில் நின்றது.

அத்துடன் வேலை முடிவதில்லை. துண்டை முன்னே நகர்த்தினால் அதன் பின்னே வெறுமை உண்டாகும். அவ்விடத்தில் ஓசை அற்றுப்போனால் காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே அடியின் வாலைச் சற்று நீட்டி, அடுத்ததன் தொடக்கத்தோடு மெல்லக் கலக்கவிடுகிறார்கள். இரண்டு மைக்குகளின் பதிவையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஓசை மெலிந்து சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும்.

"டைட் செய்துவிட்டேன், மாமா" என்றான் மருமகன். அச்சொல் எம்மைப் பழைய திண்ணைக்கு இழுத்துச் சென்றது. பாவா தணலில் காட்டியதும் இறுக்கந்தானே! அவர் இறுக்கியது தோலை. இவன் இறுக்கியது காலத்தை.

பின்பு அவன் நான்கு அடி கொண்ட ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதன் கடைசியை அதன் முதலோடு இணைத்தான். இதையே லூப் என்கிறார்கள். குறுந்தகட்டின் அளவுப்படி ஒரு நொடி ஓசை 44,100 புள்ளிகளாகப் பதிவாகிறது. அவன் வெட்டிய 2.4 நொடிப் பகுதி 1,05,840 புள்ளிகள் கொண்டது. வெட்டும் இடத்தில் ஒலியலை நடுக்கோட்டைத் தொடாமல் மேலேயோ கீழேயோ நின்றால், ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு முள் குத்தும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியைத் தேடி வெட்டினால் அந்த முள் இராது. தொடக்கமும் முடிவும் தெரியாமல் அவ்வோசை விடியுமட்டும் சுழலும்.

எமக்கு வியப்புத் தாளவில்லை. இது எம் பாடமன்றோ! ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் அவர்கள், செப்புக்கொல்லர் தெருவில் சுத்தியல்கள் விழும் ஓசையைக் கேட்டு அரபிச் செய்யுளின் அளவை உய்த்துணர்ந்தார் என்று கூறுவர். அவர் வகுத்த யாப்புகளை ஐந்து வட்டங்களில் அடக்கினார். அவ்வட்டத்திற்கும் தாயிரா என்றுதான் பெயர். மூன்றாம் தாயிராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிய அசையும் மூன்று நெடிய அசைகளும் வட்டமாய் நிற்கின்றன. குறிலில் தொடங்கிச் சுற்றினால் மஃபாஈலுன். அது ஹஜஸ் என்னும் யாப்பு. இரண்டு நெடில்களுக்குப் பின் குறில் வருமாறு தொடங்கினால் முஸ்தஃப்இலுன், அது ரஜஸ். ஒரு நெடிலுக்குப் பின் குறில் வருமாறு தொடங்கினால் ஃபாஇலாதுன், அது ரமல். வட்டம் ஒன்றே, புகும் வாயில் வேறானால் பாட்டின் நடையே வேறாகிவிடுகிறது. இதை மருமகனிடம் சொன்னோம். அவன் லூப்பின் தொடக்கத்தை ஓர் அடி தள்ளி வைத்துக் காட்டினான். அதே நான்கு அடிகள், முற்றிலும் வேறொரு தாளமாய்க் கேட்டன. அவ்விரவு மாமனும் மருமகனும் தஹஜ்ஜுத் வேளை வரை உறங்கவில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் பாவாவை அழைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டி லூப்பைக் கேட்கச் செய்தோம். பாராட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். பின்பு மெல்லக் கேட்டார்:

"ஓசை என்னுடையதுதான், தம்பி. ஆனால் இந்த ஆள் எந்தத் தெருவில் நிற்கிறார்?"

எமக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

"ஹஜரத், மூன்று அடி அடித்ததும் காதைத் தீட்டிக்கொள்வேன். உள்ளே யாராவது இருமுகிறார்களா, தாழ்ப்பாள் ஓசை கேட்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் நான்காவது அடி விழும். எழுந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் நகர்ந்துவிடுவேன். இல்லையென்றால் மறுபடியும் கொஞ்சம் உரக்க அடிப்பேன். பச்சைக் குழந்தை இருக்கிற வீடென்றால் விரல் நுனியால் தட்டிவிட்டுப் போய்விடுவேன். அத்தா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கணினியில் இருப்பவர் அடித்துக்கொண்டே இருக்கிறார். வீட்டில் யாராவது எழுந்தார்களா என்று அவருக்குத் தெரியவேண்டாமா?"

யாம் தலைகுனிந்தோம். பிந்தி விழுந்த அந்த 40 மில்லி நொடி பிழையன்று, செவிசாய்த்தல். எம் கூடத்தில் அவர் அமர்ந்தே வாசித்தார். எழுப்புவதற்கு அங்கு எவரும் இல்லை. ஆயினும் ஆண்டாண்டாய் வாசல்தோறும் நின்று பழகிய கை, அங்கும் நின்று கேட்டிருக்கிறது. அதைத்தான் யாம் தளை தட்டுகிறது என்றோம்.

பாவா திருத்தமே கூடாது என்று சொல்பவரல்லர். வெட்டாத மூலப் பதிவைப் போடச் சொன்னார். ஒன்பதாம் நிமிடத்தில் சட்டென்று கையை உயர்த்தினார். "இங்கே நடுவிரல் வழுக்கிவிட்டது. இது பிழை. இதை எடுத்துவிடுங்கள், தம்பி" என்றார். இன்னோர் இடத்திலும் அவ்வாறே சொன்னார். அவ்விரண்டும் எம் செவிக்குச் சரியாகவே பட்டவை! யாம் பிழை என்றதை அவர் பிழையில்லை என்றார். யாம் கவனியாததைப் பிழை என்று காட்டினார்.

எம் இமாம்கள் இவ்வேறுபாட்டை அறிந்தே வைத்திருந்தார்கள். அரூள் கலையில் ஸிஹாஃப் என்று ஒரு பகுதி உண்டு. முஸ்தஃப்இலுன் என்னும் சீரின் முதல் நெடிய அசை குறுகி நிற்கலாம்; அதற்குக் கப்ன் என்று பெயர். யாப்பே சிதைந்தால் மட்டும் அவ்வடியை மக்ஸூர், அதாவது உடைந்தது, என்பர். நெகிழ்வுக்கு ஒரு பெயர். உடைவுக்கு வேறொரு பெயர். தமிழிலும் ஓசை குறைந்த இடத்தில் நீட்டி நிறைக்க அளபெடை உண்டு. சொல்லின் இறுதியில் தேய்ந்து அரை மாத்திரையாய் ஒலிக்கக் குற்றியலுகரம் உண்டு. தஜ்வீதில் இயல்பான மத்து இரண்டு அளவு, லாஸிமான மத்து ஆறு அளவு என்று விரல் மடக்கி எண்ணக் கற்பிக்கிறோம். ஆனால் அந்த ஓர் அளவு எத்தனை நேரம் என்பதை எந்தக் கடிகாரமும் தீர்மானிப்பதில்லை. விரைந்து ஓதுபவருக்கு அது சுருங்கும். நிதானமாய் ஓதுபவருக்கு நீளும். ஓதுபவரின் நடைக்குள்ளேயே அளவு இருக்கிறது. இவற்றையெல்லாம் கற்பித்த எமக்கு, ஒரு பாவாவின் விரலில் அது இருந்தபோது அடையாளம் தெரியவில்லை.

மருமகன் மற்றொன்றையும் சொன்னான். "மாமா, குறை மென்பொருளில் இல்லை. எத்தனை விழுக்காடு நகர்த்த வேண்டும் என்று அதிலேயே கேட்கும். ஐம்பது என்றால் பாதித் தூரம்தான் நகர்த்தும். நான்தான் நூற்றுக்கு நூறு என்று வைத்துவிட்டேன்." அடிகளைக் கோட்டில் நிறுத்தும் வசதியைப் பரப்பிய பொறிகளுள் ஒன்று, அமெரிக்கரான ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 என்னும் தாளப் பொறி. அதிலேயே, ஒன்றுவிட்டு ஒரு சிற்றடியைச் சற்றே பிந்தவிடும் வசதியையும் அவர் சேர்த்திருந்தார். டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா என்னும் இசையமைப்பாளர், பொறியின் திருத்தத்தை நிறுத்திவிட்டுத் தம் விரல் விழுந்தபடியே தாளத்தை விட்டவர் என்று புகழ்பெற்றவர். 2006இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவருடைய தாளப் பொறி இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு ரசனைக் கதையாய் நின்றிருக்கும். ஆனால் அவ்வாரமே ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தாயிரா ஓசைதான் பதிவாகிவிட்டதே, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம். இனிப் பாவா நடக்கவேண்டியதில்லை, பெருநாள் அன்பளிப்பும் வீட்டுக்கு வீடு தேவையில்லை" என்றார். சிலர் தலையசைத்தனர். முப்பது இரவுகள் நடந்த கால்களுக்குப் பெருநாள் காலையில் வாசல்தோறும் கிடைக்கும் தொகையே பாவாவின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி. எம் கூடத்தில் எம் அழைப்பை ஏற்று அவர் வாசித்துக் கொடுத்த பதினெட்டு நிமிடம், அவருடைய வாயில் மண்ணைப் போடப் பார்த்தது. எம் நெஞ்சு நடுங்கியது.

அன்றிரவு மருமகன் ஒரு வரலாற்றைச் சொன்னான். அமெரிக்காவில் வின்ஸ்டன்ஸ் என்னும் குழுவினர் 1969இல் 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டனர். அதன் நடுவே மற்றக் கருவிகள் ஓய, கிரெகரி கோல்மன் என்னும் கலைஞர் ஏறத்தாழ ஏழு நொடி தனியே டிரம்ஸ் வாசிக்கிறார். பிற்காலத்தில் தாளத் துண்டுகளை வெட்டி லூப்பாக்கும் கருவிகள் வந்தபோது, அந்த ஏழு நொடியை எடுத்து ஆயிரக்கணக்கான பாடல்களில் சுழலவிட்டார்கள். உலகில் மிகுதியாய் எடுத்தாளப்பட்ட தாளங்களுள் அது ஒன்று. கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வந்து சேரவில்லை. 2006இல் அவர் வறுமையில் இறந்தார். 2015இல் சிலர் முயன்று, பொதுமக்களிடம் ஏறத்தாழ 24,000 பவுன் திரட்டிக் குழுவின் தலைவரான ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தனர். வாசித்தவரோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே போய்விட்டார்.

வியர்வை உலருமுன் கூலியைத் தந்துவிட வேண்டும் என்ற போதனையை அறியாத பிள்ளை எம் மதரசாவில் இல்லை. தோளில் மூட்டை சுமப்பவனின் வியர்வை கண்ணுக்குத் தெரிகிறது. லூப்பாய்ச் சுழலும் கைக்கு வியர்ப்பதில்லை. அதனால்தான் அதன் கூலியை மறப்பது எளிதாகிவிடுகிறது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் யாமே எழுந்து பேசினோம். நான்காம் அடியைப் பற்றி முதலில் எம் தவற்றைச் சொன்னோம். பிறகு கோல்மனின் ஏழு நொடியைச் சொன்னோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதையும் நினைவூட்டினோம். எல்லோரும் உளமார ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஒலிபெருக்கியை விரும்பியவர் இன்றும் விரும்பியபடியே இருக்கிறார். ஆயினும் ஒரு தாள் எழுதப்பட்டது. பதிவு பாவாவுக்கு உரியது. அவர் இசைவின்றி எவரும் அதை வெட்டவோ சுழலவிடவோ கூடாது. அயலூரார் கேட்பதற்காக அனுப்பும் தொகை அவரையே சேரும். தெருவில் நடப்பது அவர் விருப்பம் உள்ளவரை தொடரும். இருவர் சாட்சிக் கையெழுத்திட்டனர். மருமகன் லூப்பை அழித்துவிட்டான். பாவா சுட்டிய இரண்டு பிழைகளை மட்டும் திருத்திப் பதினெட்டு நிமிடப் பதிவை முழுமையாய் அனுப்பினான். பெருநாளுக்குள் அயலூர்ப் பிள்ளைகளிடமிருந்து வந்த தொகையைப் பாவா இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது நான் நடக்காத தெருவிலிருந்து வந்ததல்லவா, ஹஜரத்?" என்று கேட்டுச் சிரித்தார்.

இவ்வளவும் எழுதுவது கருவிகளைப் பழிப்பதற்கன்று. வழுக்கிய விரலின் பிழையை ஓசையின்றி நீக்கித் தந்ததும் அந்தக் கருவிதான். கடல் கடந்திருப்பவரின் காதில் எம் தெருவைக் கொண்டுபோய் வைத்ததும் அதுதான். ஒருவருடைய வேலையைத் திருத்தப் புகுமுன், எது பிழை என்று அவரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஆசிரியராகிய எமக்கு இப்பாடம் காலம் கடந்தே கிடைத்தது. இப்போதெல்லாம் மதரசாவில் ஒரு பிள்ளை ஓதும்போது நின்றால், உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. எதற்காக நிற்கிறான் என்று ஒரு மூச்சு பார்த்துவிட்டே வாய் திறக்கிறோம்.

சென்ற ரமளானின் முதலிரவு. கைபேசியை அணைத்து வைத்துவிட்டுப் படுத்திருந்தோம். தெருக்கோடியில் தாயிரா ஒலித்தது. ஒவ்வொரு வீடாய் நெருங்கி எம் வாசலில் வந்து நின்றது. ஓர் அடி, இரண்டு, மூன்று. பிறகு அந்தச் சிறு இடைவெளி. அது எதற்கென்று இப்போது அறிவோம். எழுந்து சென்று, தாழ்ப்பாளை அவருக்குக் கேட்கும்படி ஓசையுடன் நீக்கினோம். நான்காம் அடி மெல்ல விழுந்தது. பாவா அடுத்த வாசலுக்கு நடந்தார்.